வயித்துவலி என்று சொன்ன சாவுகள்

வினோலியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவளுடைய அத்தை எஸ்தர்ராணியின் வாயிலிருந்து. எஸ்தர் எனக்குச் சித்தி மகள். இடைசெவலில் படுத்த படுக்கையாய்க் கிடந்தாள்; நான்தான் அவளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் அண்ணனுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்திருக்கிறது என்று சேதி வந்தது. "வினோலியான்னு வைக்கச் சொல்லு. எனக்கு அஞ்சாங்கிளாஸ் எடுத்த டீச்சர் பேரு" என்றாள். மறுமாதம் போய்விட்டாள். வயது முப்பத்தாறு. ஊருக்கு வயித்துவலி என்று சொன்னோம். அவள் அம்மா செத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். மாரில் புண் என்று தெரிந்தால் அந்த வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

வினோலியா வளர்ந்து, கோவில்பட்டியில் வாக்கப்பட்டு, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். பிள்ளை இல்லை. புருஷனும் லாரி விபத்தில் போய்விட்டான். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு மாரில் கட்டி வந்தது. மதுரையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு டாக்டர் பெண் இந்தச் சீக்கு குடும்பங்களில் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். "இதனால உங்களுக்கு மருந்து கிடைக்காதுக்கா. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாளாம். ரத்தம் எடுத்துக்கொண்டு, குடும்பத்துப் பொம்பளைகளுக்கு வட்டமும் ஆம்பளைகளுக்குக் கட்டமும் போட்ட தாளைக் கொடுத்துவிட்டாள். சீக்கு வந்தவர்களின் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும்.

வினோலியா அந்தத் தாளோடு என்னிடம் வந்தாள்.

"அத்தே, எஸ்தர் அத்தை எதுல செத்தாவ?"

"வயித்துவலிதாம்ட்டி."

"வயித்துவலிக்கு மாருல எதுக்குத் துணி கட்டுனீங்க? எங்கப்பா குடிச்சா இதச் சொல்லித்தான் அழுவாவ."

"அப்படியே இருந்தாலும் அது ஒங்கப்பா வழில்லா? மாருச்சீக்கு அம்மா வழியாத்தான வரும்?"

"அப்பா வழியாவும் வருமாம். நானும் ஒங்கள மாதிரி நெனச்சுத்தான் ஒருத்தருக்குமில்லன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

சொன்னேன். எஸ்தருக்கு முப்பத்தாறு, அவள் அம்மாவுக்கு நாற்பத்தொன்று. இரண்டு வட்டத்தையும் பேனாவால் கறுப்பாக்கினாள். அவள் அண்ணன் ஜேம்ஸ்ராஜின் கட்டத்துக்குக் கீழே அவன் மகள் ஷைலாவின் வட்டம் வெள்ளையாக இருந்தது. அண்ணனின் ரத்தமும் வேண்டும் என்று மதுரையில் கேட்டிருந்தார்கள். சீக்கை இறக்குகிற கோளாறு அவன் ரத்தத்தில் இருந்தால்தான் ஷைலாவுக்கு இறங்கியிருக்கும்.

ஷைலாவுக்கு அப்போது எட்டயபுரத்தில் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம். ஜேம்ஸ்ராஜ் குதித்தான். "ஏட்டி, எம் மவ பேர அந்தத் தாள்லருந்து அடிச்சிரு."

"அடிச்சிட்டா வராமப் போயிருமாண்ணே?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். தங்கச்சி ஊசி போட்டுக்கொண்ட மாதங்களில் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஷைலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவர்கள் அப்புறம் வரவில்லை.

ஜேம்ஸ்ராஜ் கோபத்தோடு கோவில்பட்டிக்கு வந்தான். அன்று நானும் அங்கே இருந்தேன். வினோலியா தரையில் கிடந்தாள். தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் இல்லை. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னண்ணே, மொட்ட எந்தக் கோயிலுக்குன்னு பாக்கியளா?"

அவன் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரத்தம் குடுக்க என்னைக்கு வரணும்?" என்றான்.

சோதனையில் அவனிடம் அந்தக் கோளாறு இருந்தது. ஷைலாவிடமும் இருந்தது. அவளுக்கு இன்னும் சீக்கு வரவில்லை, வரக்கூடும். வருஷம் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அன்று வினோலியா சாப்பிடவில்லை. ஷைலாதான், "தெரியாம இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன், அத்தே?" என்று அவளைத் தேற்றினாள்.

போன மாசியில் வினோலியாவுக்கு எலும்பில் திரும்ப வந்துவிட்டது. இப்போது இடைசெவலில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஷைலா பார்த்துக்கொள்கிறாள்.