ஒரு சொல்லுக்கு ஒரு நோட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இங்கே எழுதப்போகிற விஷயத்தில் நான் இரண்டு பேர்மேல் கோபப்பட்டேன். இரண்டு பேர் விஷயத்திலும் தப்பு என்மேல்தான்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமானது. பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கடலையும் கரும்பும் விளைகிற கிராமம். வாழ்க்கைப்பட்டது மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். அவர்களுடைய முன்னோர் பஞ்ச காலத்தில் மலையேறி, மதுரை, திருநெல்வேலி ஆட்களோடு பழகிப் பழகிப் பேச்சே மாறிப்போயிருந்தது. நான் 'ஏனுங்க' என்றால் அவர் 'என்ன புள்ள' என்பார். ஒரே தமிழைப் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்ட நாட்கள் அவை.

கல்யாணம் பேசிய தரகர், மாப்பிள்ளை ஃபாக்டரியில் ஆபீசர் என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா நம்பிவிட்டார். கல்யாணம் முடிந்து என்னைக் கொண்டுவந்து விட அப்பாவே வந்தார். உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக இரண்டு பஸ் மாறி, மலையில் விளையாதே என்று ஒரு கட்டு முருங்கைக்காயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். எஸ்டேட்டில் இறங்கி நடந்தால், கண்ணுக்கு முன்னால் லயம். ஒரே கூரையின் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு அறை, ஒரு அடுப்படி. என் புருஷன் ஆபீசரும் இல்லை, ஒன்றும் இல்லை. ட்ரையர் என்கிற பெரிய சூட்டு மெஷினில் தேயிலை காய்வதைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளி.

அப்பா வாசலுக்கு முன்னால் நின்றார். எங்களுக்கு விட்டிருந்த நான்காம் வீட்டுக் கதவையும், குனிந்துதான் நுழைய முடிகிற அதன் நிலையையும் பார்த்தார். முருங்கைக்கட்டை முற்றத்தில் இறக்கி வைத்தார்.

"நீ ஆபீசர் ஊட்டுக்குப் போனதுக்கப்பறம் வர்றேன் கண்ணு," என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் அழுதேன். என் புருஷன் பக்கத்தில் நின்று முருங்கைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னது தரகர். தலை குனிந்து நின்றது இவர். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஸ்டாஃபாகி உங்கப்பாவ உள்ள கூட்டியாறேன் புள்ள," என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காகத்தான் நான் அங்கே தங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வழி பிறந்தது. ஃபாக்டரியில் உதவி டீ மேக்கர் வேலை காலியானது. தூள் சரியாக இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அது கிடைத்தால் வேலி போட்ட தனி குவார்ட்டர்ஸ் உண்டு. வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ட்ரையர் வாயில் முகத்தை நீட்டி ஒரு மூச்சு இழுத்தால் போதும், இலை கருகப்போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஸ்டாஃப் வேலைக்குத் தொரை, அதாவது எஸ்டேட் மானேஜர், இங்கிலீஷில்தான் கேள்வி கேட்பார். வெள்ளைக்காரர் போய் நம்மவர் வந்திருந்தாலும் தொரை தொரைதான். இவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதனால் வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது.

"உங்களுக்கு என்ன இங்கிலீஷ் தெரியுமுங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"கெட் அவுட்," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அவர் முழுசாகக் கேட்ட இங்கிலீஷ் அதுதான். என் கையில் பள்ளிக்கூடக் காலத்து அகராதி ஒன்று அட்டை இல்லாமல் இருந்தது. சரி, தெரிந்த வார்த்தையிலிருந்தே தொடங்குவோம் என்று 'கெட்' எங்கே இருக்கிறது என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கம் முழுக்க இறங்கி, அதற்கடுத்த பக்கத்திலும் கால் நீட்டிக்கொண்டு கிடந்தது அந்த வார்த்தை.

ஒரு புது நோட்டையே அதற்கு ஒதுக்கினோம். ஃபாக்டரியிலிருந்து அவர் வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே குழாயடிப் படிக்கட்டில் உட்காருவோம். 'கெட் அப்' என்றால் எழுந்திரு. பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்', ஏறி முடித்திருந்தால் 'காட் ஆன்'. மழையில் நனைந்தாலும் கெட், கடுதாசி வந்தாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட், கல்யாணம் ஆனாலும் கெட்.

"காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வார்த்தையா?" என்றார்.

"ஏனுங்க, ரெண்டும் ஒண்ணுன்னு தோணுதுங்களா உங்களுக்கு?"

"காய்ச்சல் மூணு நாள்ல போயிரும்ல," என்று சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நான் கையை ஓங்கியிருந்தேன்.

அகராதியைக் காட்டிலும் அவருடைய விளக்கம்தான் எனக்குப் பிடித்திருந்தது. "இது நம்ம லயத்துத் தற்காலிக ஆளு மாதிரி புள்ள. கொழுந்து பறிக்க ஆள் இல்லையா, கூப்புடு. வடிகால் வெட்டணுமா, அவனயே கூப்புடு. தனக்குன்னு ஒரு வேல கெடையாது பாவம்." அந்த வார்த்தைமேல் அவருக்கு ஒரு பரிவே வந்துவிட்டது. 'கெட் அவுட்' என்று கேட்டுப் பயந்த மனிதர், அதே வார்த்தை 'கெட் வெல்' என்றும் 'கெட் ஹோம்' என்றும் நல்லபடியாகவும் நடந்துகொள்ளும் என்று தெரிந்தபோது முகம் மலர்ந்தார். நோட்டில் ஒவ்வொரு வாக்கியமாகப் பெரிய பெரிய எழுத்தில் எழுதுவார். 'கெட் இன்' என்றால் உள்ளே வா என்று சொன்ன அன்று, எழுதாமல் நோட்டை மூடிவைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் முற்றத்து முருங்கைக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

அவருக்கு வராத ஒரே விஷயம், 'ஐ' என்று தொடங்குவது. தமிழில் நாம் 'எனக்குக் கிடைத்தது' என்போம். கிடைத்த பொருள் தானாக வந்ததுபோல, நாம் ஓரமாக நின்றதுபோல. இங்கிலீஷில் 'நான்' என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர் தொரை முன்னால் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. அங்கே யாருமே நின்றதில்லை. தொரையின் புல்லட் சத்தம் கேட்டால் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவார்கள். பெண்கள் பாதையைவிட்டுச் செடிக்குள் ஒதுங்குவார்கள். வாயில் வெற்றிலை இருந்தால் துப்ப மாட்டார்கள், சாற்றோடு விழுங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அப்படி விழுங்கிவிட்டுக் கண் கலங்க இருமியதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அப்போது அது எனக்கு வேடிக்கை.

பரீட்சை அன்று காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தேன். நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தண்ணீர் கேட்டார். குடிக்கும்போது முகம் சுளித்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், நாக்கு முழுக்க வெந்து சிவந்திருந்தது.

நடந்ததை மெல்ல மெல்லச் சொன்னார். தொரை கேள்வி கேட்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தொரை அவரை டீ ருசி பார்க்கிற மேசைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கோப்பைகள் பன்னிரண்டு, பால் இல்லாத சூடான டீயோடு வரிசையாக. ஒரு ஸ்பூன் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்தில் இருக்கிற பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். எட்டு வருஷமாக அந்தத் தொட்டியைக் கழுவி வைத்தவர்களில் இவரும் ஒருவர். தொரை உறிஞ்சினார், துப்பினார், நகர்ந்தார். இவர் உறிஞ்சினார், விழுங்கினார், நகர்ந்தார்.

"'வாட் டூ யூ கெட்'னு கேட்டாரு புள்ள. நம்ம நோட்டுல இல்லாத கெட்."

"ஐயோ. என்னங்க பண்ணுனீங்க?"

"கோப்பையப் பாத்துக் கேக்குறாரு. வேற என்ன கேப்பாரு, நாக்குல என்ன தெரியுதுன்னுதான? 'ஐ கெட் ஸ்மோக், சார்'னேன். மூணாவது கோப்பையில புகை வாடை. தொரை என்னைய நிமிந்து பாத்தாரு."

எனக்கு அந்த இடத்தில் புல்லரித்தது. அகராதியில் நான் கவனிக்காமல் விட்ட அர்த்தத்தை அவர் தானே கண்டுபிடித்துவிட்டார். அதுவும் 'ஐ' என்று தொடங்கி. நான்காவதில் மழையில் நனைந்த இலை என்றார், அதுவும் சரி. ஆனால் ஒவ்வொரு வாயாக விழுங்கிக்கொண்டே போனார். தொரை இங்கிலீஷில் துப்பச் சொன்னார். பிறகு தமிழிலேயே சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி விழுங்கினார். ஒன்பதாவது கோப்பையில் நாக்கு செத்துப்போனது. 'ஐ கெட் நத்திங், சார்' என்றிருக்கிறார்.

"தொரை திட்டலை. 'எல்லாத்தையும் குடிக்கிறவன் எப்படிய்யா தினம் ருசி பாப்ப?'ன்னாரு. அப்பறம் 'கெட் பேக் டு ஒர்க்'னாரு. அது நோட்டுல இருக்கு."

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருஷம் காத்திருந்தது, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதியது எல்லாம் ஒரு வாய் டீயைத் துப்பாததால் போயிற்றா?

"துப்புனா என்னங்க? தொரையே சொன்னாரல்லங்க? அதுக்குன்னுதான தொட்டி வெச்சிருக்குது?"

"தெரியும் புள்ள. வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரு மனுசன் மொகத்துக்கு முன்னாடி நின்னு எப்படித் துப்ப? அவரு வேலைக்குத் துப்புறாரு. நான் துப்புனா அது அவரத் துப்புன மாதிரில?"

"அப்ப எங்கப்பா வர வேண்டாமுங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அன்று நான் சோறு மட்டும் பிசைந்து மோர் ஊற்றி வைத்தேன், நாக்குக்கு இதமாக இருக்கட்டும் என்று. பேச்சுக் கொடுக்கவில்லை. மூன்று நாள் அப்படியே போனது. வேலை சமவெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று.

நான்காம் நாள் என் கோபம் மலையிறங்கி அப்பாமேல் பாய்ந்தது. கடுதாசி எழுதினேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன்: பன்னிரண்டு கோப்பை, பித்தளைத் தொட்டி, வெந்த நாக்கு. கடைசியில், 'உங்கள் மருமகன் இனி ஆபீசர் ஆகமாட்டார். ஒருவர் முன்னால் துப்பத் தெரியாதவர். ஆகவே நீங்கள் வர வேண்டிய தேவை இல்லை' என்று முடித்தேன். தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. பெற்றவருக்கு எழுதுகிற கடுதாசியா அது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பாதையில் ஒரு முருங்கைக்கட்டு வருவது தெரிந்தது. அதற்குக் கீழே அப்பா. ஈரக்கையோடு எழுந்து நின்றேன்.

அப்பா எங்கள் வாசல் வரை வந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல நின்றார். கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, லயம் முடிகிற இடத்துக்கு நடந்துபோய், ஓடையோரம் திரும்பி நின்று, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். தண்ணீர் அள்ளிக் கொப்பளித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஊரில் அப்பா நினைத்த இடத்தில் துப்புகிறவர்.

என் புருஷன் வாசலில் வந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டப் போனார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, அந்த நிலைக்குள் நுழைந்தார். உள்ளே போய் நிமிர்ந்து, இவரைப் பார்த்துக் கேட்டார்:

"நாக்கு ஆறிப்போச்சுங்களா மாப்பிளே?"

இவர் தலையை ஆட்டினார். அப்பா அவர் கையைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்துவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அன்று முருங்கைக்காய்ச் சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு அப்பாவை அனுப்பிவிட்டு வந்து அறையைப் பெருக்கும்போது, பாய்க்கு அடியில் நோட்டு இருந்தது. பரீட்சைக்குப் பிறகு அவர் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு புது வாக்கியம்: 'ஃபாதர் காட் இன்.'

மாமனாருக்கு 'ஃபாதர் இன் லா' என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சாயங்காலம் வந்ததும் கேட்டேன், மறந்துட்டீங்களா என்று.

"மறக்கலை புள்ள," என்றார். "அப்படியே இருக்கட்டும்."