திருஷ்டிக்கு மாட்டிய படம்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் வந்தால், ஏரிக்கரைத் திருப்பத்தில் எங்கள் வீடு தெரிவதற்கு முன்பே அந்தப் படம் தெரியும். மாடிச் சுவரில், தெருவைப் பார்த்து ஆணியடித்த பிளைவுட் பலகை. மாட்டிய நாளில் அது இப்படி இருந்தது: கருநீலப் பின்னணி, இடப்பக்கம் முகத்தை மீறிய ஒரு கண், அதற்குக் கீழே காதுவரை இழுபட்ட வாய். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாய் ஒரு பள்ளம், அதற்குள் பல்வரிசை. மூலையில், எதற்கென்றே தெரியாமல், நெளிந்த டம்ளர் ஒன்று.

வரைந்தவர் என் சித்தப்பா. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, டிராயிங் வாத்தியாராகக் காலந்தள்ளியவர். நைனா புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது எல்லோரும் குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் இதைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துவந்தார். ஹாலில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. வேட்டியை அவிழ்த்துவிட்டு, "இன்னா தெர்துன்னு பாத்துச் சொல்லுண்ணா" என்று நின்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

நைனா ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "சோக்கா கீதுடா. கடையில விக்கிற பூதம்கூட இவ்ளோ பயமா இருக்காது" என்றார். ஏணி வந்தது. பூசணிக்காய் உடைப்பதற்குள் படம் மாடிச் சுவருக்கு ஏறிவிட்டது. பேய், காளி, வெறிநாய் என்று வந்தவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சிரித்தார்கள். சித்தப்பாவோடு படித்த ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, அந்த வாய் நகரத்தின் பசி என்றும், டம்ளர் வற்றிப்போன ஏரி என்றும் விளக்கினார். "டம்ளர்தான்பா அது" என்றார் சித்தப்பா.

டம்ளரை நான் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன். சித்திக்கு வாயில் புற்றுநோய் வந்து கன்னத்தை வெட்டி எடுத்த பிறகு, அவள் கஞ்சி குடிக்கவென்று பழைய வீட்டின் தோட்டத்துப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர். வீட்டில் விசேஷம் என்றால் நைனா அவளை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார். பிள்ளைகள் பயப்படுமாம். நாங்கள் யாரும் பயப்படவில்லை. எனக்கும் தங்கைக்கும் அவள்தான் தலை பின்னிவிடுவாள். அந்த முகத்தில் சிரிக்க மீந்திருந்தது இடது கண் மட்டும். அதைக் கொண்டே வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பாள். அவள் செத்த பிறகு சித்தப்பா அந்தப் பலகையே கதியென்று கிடந்தார். கதவைச் சாத்தாத ஒரு ஹாலில் அவளை உட்காரவைக்க நினைத்தார். அவ்வளவுதான் அந்தப் புரியாத ஓவியத்தின் அர்த்தம்.

பந்தி முடிந்ததும் அவரே வாய்விட்டுச் சொன்னார். "ண்ணா, அது அவதான். எறக்கிக் குட்த்துடு, நான் எட்த்துக்கினு போறேன்."

நைனா வெற்றிலையை மென்றபடி அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். "உசுரோட இருந்தப்ப ஒரு நல்ல காரியத்துக்கும் முன்னால வந்து நிக்கல. இப்பவாச்சும் நிக்கட்டும், வுடு" என்றார். கதவைச் சாத்திய அதே மனிதர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் தவிர வேறெதிலும் வரையவும் இல்லை. அவர் செத்தபோது நைனா தலைமாட்டில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கூத்தையும் பார்த்தேன்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது மாடிச் சுவரில் மறுபடி ஏணி. படம் மழையில் வெளுத்துவிட்டதென்று நைனா ஒரு பெயிண்டரைப் பிடித்து, கொம்பு, மீசை, தொங்கும் நாக்கு எல்லாம் போடச் சொல்லியிருந்தார். டம்ளர் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வந்திருந்தன. "கண்ண மட்டும் நான் தொடலக்கா. அத வுட பயமா என்னால போட முடியாது" என்றார் பெயிண்டர், மேலே இருந்தபடியே.

கேட்டைத் திறந்தேன். கொம்புக்கும் மீசைக்கும் நடுவிலிருந்து சித்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.