நஞ்சுண்டனின் பூனை நடை

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி வைத்திருக்கும் நஞ்சுண்டன் ஐம்பத்திரண்டாம் வயதில் பூனை நடை பழகினார். காரணம், போத்தனூரில் இருக்கும் மாமியார் வீடு. அங்கே கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகும் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

மூன்று மாதம் தன் வீட்டு மாடிப்படியில் பயிற்சி எடுத்தார். பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் ஊன்ற வேண்டும். சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்ற வேண்டும். இரும்புக் கேட்டைச் சற்றுத் தூக்கித் திறந்தால் கிரீச்சிடாது. பின்னால் போய் நின்று மனைவியை இரண்டு முறை அலறவைத்ததில் தேர்ச்சி உறுதியானது.

மனைவியை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்ட ஞாயிறன்று, சாப்பாடு முடிந்து எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கையில் எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. கேட்டைத் தூக்கித் திறந்து, தூக்கியே சாத்தினார். தெருவுக்கு வந்தாகிவிட்டது.

ஆனால் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போகிற வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. கேட்டுக்கு மேல் தலையை நீட்டி, "அத்தை, போயிட்டு வாரேனுங்க!" என்று உரக்கச் சொன்னார்.

மாமியார் தெய்வாத்தாள் எழுந்து வந்தார். "ஏனுங்க மாப்பிள்ள, காப்பி குடிக்காமயா போறீங்க? உள்ள வாங்க, இப்பத்தான் பாலை அடுப்புல வெக்கறேன்."

நஞ்சுண்டன் கேட்டைத் திறந்தார். இம்முறை தூக்கவில்லை.