புத்தூரில் நான் போட்ட ஓட்டு

சித்தூர் பஸ் ரெண்டு மணிக்கே கிளம்பியிருக்கணும். இப்போ மூணு ஆகப்போகிறது. என் மடியில் எங்க ஊரே கைநாட்டு வைத்த மனு. எங்களை ஆந்திராவிலிருந்து பிரித்து மெட்ராஸ் பக்கம் சேர்க்கச் சொல்லி எழுதினது. அஞ்சு மணிக்குள்ளே கலெக்டர் ஆபீசில் கொடுக்கணும், இன்றைக்குத்தான் கடைசி நாள். வேர்வையில் மை கலைந்துவிடுமோ என்று வேறு பயமாயிருக்கிறது.

டிரைவரோ புத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஊர் புட்பால் கிளப்புக்கு அடுத்த மேனேஜர் யாரென்று சண்டை போடுகிறார்.

"டிரில் மாஸ்டர்தாம்பா சரி," என்கிறார்.

"அவுரு ஊரு எல்லையில கீது. நாளைக்கு அது மெட்ராசுக்குப் போச்சின்னா, அவுரும் அந்தப் பக்கத்து டீமுக்குப் போய்க்கினே இருப்பாரு. போஸ்ட்மேனை வை," என்கிறார் டீக்கடைக்காரர்.

கடையிலிருக்கிற பன்னிரண்டு பேரும் மூன்றாவது தடவையாகக் கை தூக்கி எண்ணுகிறார்கள். மறுபடியும் ஆறுக்கு ஆறு.

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரையாவது வெச்சித் தொலைங்க! வண்டிய எடுங்கண்ணா, ஆபீசு மூடிடுவாங்க!"

டீக்கடைக்காரர் என் பக்கம் திரும்புகிறார். "வெளியூர்க்காரன் சொன்னா சண்டையே இல்ல. நீ சொல்லு நைனா, மாஸ்டரா, போஸ்ட்மேனா?"

யோசிக்கவே இல்லை, கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லிவிடுகிறேன். "போஸ்ட்மேன்!"

பாதிக் கடை கைதட்டுகிறது. ஆறு பேர் என் முதுகில் தட்டுகிறார்கள். வண்டியை எடுக்க எழுந்துவிட்ட டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். மறுபடியும் பெஞ்சில் உட்காருகிறார்.

"இன்னொரு டீ போடு," என்கிறார். "மெதுவாவே போடு."