இருநூறு உறை குதிரைவாலி

எல்லாக் குதிரைவாலியும் ஒன்றுதான் என்று நம்பியவன் நான். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது என்றும் நம்பினேன். அக்காவின் வேலையே அதுதான் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

அக்கா சங்கரன்கோவிலில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட, டியூஷன் எடுத்துத் தானும் படித்து என்னையும் படிக்க வைத்தார். அவர் படித்தார்; நான் பாஸானேன். பிறகு வெளியூர் ஆய்வகம் ஒன்றில், குதிரைவாலியின் மரபணு வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தார். மழை பொய்த்தாலும் காயாத ரகம் ஒன்று, விளைச்சல் கொட்டும் ரகம் ஒன்று. இரண்டையும் இணைத்து, அவற்றின் இருநூறு வாரிசுகளை எட்டுத் தலைமுறை தனித்தனியாக வளர்த்தார். வறட்சி தாங்கும் குணம் மரபணுவில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, அந்த இருநூறு வாரிசுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியுமாம்.

கடைசி விதைப்பு ராயகிரிப் பக்கம் எங்கள் வயலில். கையிருப்பு விதை முழுவதும் அதில் போனது. விளைந்ததை, வாரிசுக்கு ஒன்றாக, இருநூறு காகித உறைகளில் எண் போட்டு வீட்டில் வைத்துவிட்டு, "ஏலே, வீடே தீப்பிடிச்சாலும் இதை மட்டும் திறந்துராத" என்று சொல்லிப் போனார்.

வீடு தீப்பிடிக்கவில்லை, ஒழுகியது. உறைகள் நனைந்தன. பதறிப்போய் அத்தனையையும் ஒரே தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்தேன். என் புத்திசாலித்தனம் அதற்குப் பிறகுதான் வேலை செய்தது. புது உறை வாங்கி, அக்காவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எண் எழுதி, கரண்டியால் சமமாக அளந்து போட்டேன். பந்தியில் ஓரவஞ்சனை கிடையாது.

அடுத்த வாரம் அக்கா வந்து உறைகளை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார்.

"ஏலே, ஒரே கவர்ல முளைச்ச பத்துச் செடிய டெஸ்ட் பண்ணுனேன். பத்தும் பத்து விதமா இருக்கு. திறந்தியால?"

"நான் எதுக்குக்கா திறக்கேன்? எலி புகுந்திருக்கும்."

"எலி திங்கும், சரி. திரும்ப ஒட்டி நம்பர் போடுமா?"

"படிச்ச எலியா இருக்கும்."

அக்கா சிரித்துவிட்டார். தப்பித்தோம் என்று நானும் சிரித்தேன்.

விதை கலந்தது தன் கவனக்குறைவு என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவருக்குப் பணி நீட்டிப்பு வரவில்லை. "அம்மாவைப் பாத்துக்கிட வேலைய விட்டுட்டு வந்துட்டா" என்று சொந்தக்காரர்களிடம் அவிழ்த்துவிட்டது நான்தான். அப்போது அம்மா என்னைவிட வேகமாகப் படியேறுவார். அக்கா மறுப்புச் சொல்லாமல், கடைசிவரை ஓர் உரக்கடையில் பில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், "தம்பி, அந்த எலி இன்னும் இருக்கால?" என்று கேட்டார்.

"எந்த எலிக்கா?" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை காலமானார்.

டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்ற ஆட்டோ அண்ணாச்சிக்கும், கடைசி வாரம் உடனிருந்த சிவகிரிச் சித்திக்கும், 'தாய்க்காக வேலையைத் துறந்தவர்' என்று இந்த நினைவு மலரில் எழுதியுள்ள உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அக்கா எதையும் துறக்கவில்லை. விதையைக் கலந்தவன் நான். அதனால் அவருக்கு வேலை போனது.