சோறு விழாத இலை

எங்கள் மதினி சிவனடி சேர்ந்து வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சம். ஆனாலும் மதினியின் பிள்ளைகள் விடவில்லை. “கூடவே இருந்தது நீங்கதான, அத்தை” என்றார்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

மதினி பிறந்தது ஆழ்வார்திருநகரிப் பக்கம். முக்கூடலில் எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். பெற்ற பிள்ளைகளில் இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள். அதைவிட ஆறாத துக்கம் அவர்களுடைய தங்கை. அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தவளை, பெரியவர்கள் கூடி, புருஷன் இலையில் ஒரு கை சோறு போட வைத்தார்கள். பிணங்கி வந்தவள் கையால் அவன் சாப்பிட்டுவிட்டால் பிணக்குத் தீர்ந்தது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றே கூட்டிப் போனான். அப்புறம் அவள் செத்த சேதிதான் வந்தது.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின காலம் அது. ஆற்றில் குளிக்கும்போது பெண்கள் ஒருத்தி முதுகுக்கு ஒருத்தி மஞ்சள் தேய்த்துவிடுவோம். மதினி எங்கள் படித்துறையோடு நிற்க மாட்டார்கள். தெரியாத படித்துறைக்கெல்லாம் போய், “இங்கன திரும்புளா, முதுகு தேய்க்கேன்” என்பார்கள். சூட்டுத் தழும்பு கையில் தட்டுப்பட்டால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். “எங்க வீட்டுல நெல்லு அவிக்க ஆளு வேணும். பிள்ளையையும் தூக்கிட்டு வாட்டி” என்று காதோடு சொல்லிவிட்டு வருவார்கள். அப்படித்தான் எங்கள் பின்கட்டு நிறைந்தது.

“நம்ம வீடு என்ன சத்திரமா?” என்று அண்ணன் ஒருநாள் கேட்டார்.

“சத்திரத்துல ரெண்டு நாளைக்கு மேல இருக்க விடமாட்டாகளே” என்றார்கள் மதினி. அண்ணன் சிரித்துவிட்டார். ஆனாலும் அவருக்கு ஊர்ப் பயம் உண்டு.

அப்படி இசக்கியம்மாள் கைக்குழந்தையோடு வந்து கொஞ்ச நாளில், அவள் புருஷன் இரண்டு பெரியவர்களோடு வந்து நின்றான். அவர்களில் மூத்தவர் அண்ணனைப் பார்த்து, “என்ன வே, சும்மா நிக்கீரு? அடுத்தவன் பெண்டாட்டிய வச்சிக்கிடது நல்லாவா இருக்கு? இலையப் போடச் சொல்லும். அவ ஒரு கை சோறு போடட்டும், சோலி முடிஞ்சுது” என்றார். மறுத்தால் ஊரைக் கூட்டிப் பின்கட்டில் இருந்த அத்தனை பேரையும் வெளியேற்றியிருப்பார்கள்.

மதினி மறுக்கவில்லை. இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “தெளிச்ச இலைய எந்தப் பொம்பள வெறுசா விடுவா, அண்ணாச்சி?” என்று இளித்தான்.

மதினி அகப்பையை இசக்கி கையில் கொடுத்தார்கள். “ஏட்டி, மனசிருந்தா போடு. இல்லன்னா பானையிலயே தட்டிரு. வேற யாரும் போட மாட்டோம்.”

இசக்கி சோற்றை அள்ளினாள். மதினி அவளைப் பார்க்கவில்லை. தன் விருப்பம் அவள்மேல் பட்டுவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்து நின்றார்கள். இசக்கி சோற்றைப் பானையிலேயே தட்டிவிட்டு அகப்பையைக் கீழே வைத்தாள்.

“என்னளா திமிரு?” என்று அவன் பாய்ந்தான். மூத்தவர் அவன் கையைப் பிடித்தார். “ஏலே, இலையப் போடச் சொன்னது நாமதான். சோறு விழல. இனி பேச வாய் இல்ல, வா.”

அவர்கள் போனதும் அண்ணன் பெருமூச்சு விட்டார். மதினிக்குச் சந்தோஷம் இல்லை. வெறும் இலையைத் தாமே எடுத்தார்கள். “பசியோட உக்காந்தவன எழுப்பி அனுப்புனது பாவந்தான். அந்தப் பாவத்துக்குப் பயந்துதான் என் தங்கச்சிய அனுப்பி வச்சோம்” என்றார்கள். அன்று மத்தியானம் அவர்கள் சாப்பிடவில்லை.

அண்ணனுக்குப் பிறகும் மதினி பின்கட்டை மூடவில்லை. கடைசியில் படுக்கையில் விழுந்தபோது குளிப்பாட்டித் துடைத்து, மகள் ஸ்தானத்தில் நின்றவள் இசக்கியம்மாள்தான். அவளுக்கும், வீடு தேடி வந்து மருந்து கொடுத்த வைத்தியருக்கும், எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் வெளியே மூச்சுவிடாத தெருக்காரர்களுக்கும் கை கூப்புகிறேன்.

திவசத்துக்கு வரும் சொந்தங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பின்கட்டில் போன வாரம் ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்திருக்கிறாள். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்க வேண்டாம். பிள்ளை அழுதால் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.