கதவுக்கு அந்தப் பக்கம்

நாளை மறுநாள் அண்ணன் விண்வெளிக்குப் போகிறான். நோய் எதுவும் தொற்றிவிடக் கூடாதென்று அவனைத் தனியே வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போன நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது.

"ஏளா, இருக்கியா?"

தூத்துக்குடி வீட்டில், அவனுடைய பதினொரு வயதில், அம்மை போட்டுப் பின்னறையில் கிடந்தபோதும் இப்படித்தான் கேட்பான். அப்பா தோணியில் மாலத்தீவு போயிருந்தார். அம்மா வேப்பிலையைப் பரப்பி அவனைப் படுக்கவைத்துவிட்டு, எட்டு வயதுத் தங்கையான என்னைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்தாள். கருவாட்டு வாடைக்குள் வேப்பிலைக் கசப்பும் கலந்து வரும். அவன் கூப்பிடும்போதெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும்.

மாதா கோயில் தேரன்று மட்டும் சொல்லாமல் ஓடிவிட்டேன். சாயங்காலம் திரும்பியபோது கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் குரல் கம்மிப் போயிருந்தது.

"எங்க போன?"

"இங்கனதான் இருந்தேன். தூங்கிட்டேன்."

அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடவே இல்லை.

வளர்ந்து விமானப்படையில் சேர்ந்தான். போர் விமானம் ஓட்டினான். விடுமுறைக்கு வந்தாலும் மாடியில் தனியாகவே இருப்பான்.

"பயமா இருக்காண்ணே?" என்று இப்போது கண்ணாடி வழியே கேட்டேன்.

"இல்லளா. மேல போனதும் கீழயிருந்து யாராவது பேசிக்கிட்டே இருப்பாவ. ஒரு நிமிசம்கூட விடமாட்டாவளாம்."

அதைச் சொல்லும்போது சின்னப் பையன்போலச் சிரித்தான்.

நேரம் முடிந்ததென்று காவலர் வந்து சொன்னார். இன்னும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்கிறேன் என்று அவரிடம் கெஞ்சினேன்.